திட்டில் இலை போட்ட நாள்

இலங்கைக்கும் பினாங்குக்கும் போய் வந்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். நான் போய் வந்த தீவு மயிலாப்பூர்த் தெப்பக்குளத்திலிருந்து இரண்டரை மைல்கூட இராது. அடையாறு கடலோடு கலக்கிற இடத்தில், கோரையும் முள்மரமுமாக நீர் நடுவே மேடு தட்டி நிற்கும் நிலம் அது. வெள்ளைக்காரர்கள் அதற்கு ஏதோ பெயர் வைத்திருந்தார்கள். குப்பத்து ஜனங்கள் திட்டு என்று மட்டும் சொல்கிறார்கள். நானும் அதோடு நிறுத்திக்கொள்கிறேன். வழியை விவரமாக எழுதினால் வருகிற ஞாயிற்றுக்கிழமையே தூக்கு நிறையப் புளியோதரையோடு கிளம்பிவிடுவீர்கள், எனக்குத் தெரியாதா?

வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. தீபாவளி கழிந்து மூன்றாம் நாள், முந்தின நாளே அடைமழை ஓய்ந்து பளிச்சென்று வெயில் அடித்தது. என் கணவருக்குப் பறவைப் பைத்தியம். பட்டாளத்துக்காரர்கள் விற்றுவிட்டுப் போன பைனாகுலர் ஒன்றை மூர் மார்க்கெட்டில் பதினாறு ரூபாய்க்கு வாங்கியதிலிருந்து அது முற்றிவிட்டது. துரைமார்கள் விடுமுறைக்கு வந்து வாத்துச் சுட்ட இடமாம், ஐப்பசியில் அங்கே இல்லாத பறவையே இல்லையாம். இனிமேல் அதெல்லாம் நம்முடையதுதானே, போய்ப் பார்க்காவிட்டால் எப்படி என்றார். சுதந்திரத்தை அவர் அப்படி அனுபவிக்க நினைத்தார். எனக்கும் ஆசைதான், பொய் சொல்வானேன்.

காலை எட்டு மணிக்கு வடக்கு மாடவீதியில் ஜட்கா ஏறினோம். கூலி பன்னிரண்டு அணா. கூட வந்தவள் என் நாத்தனார் அம்புஜம். என் கணவரின் அக்கா, ஆசாரத்தில் எங்கள் தெருவுக்கே நீதிபதி. புளியோதரை, தயிர்சாதம், தீபாவளி மிச்சமான முறுக்கு, வாழையிலைக் கட்டு எல்லாவற்றையும் நான் சுமந்தேன். அக்கா தன் கையில் வைத்திருந்தது ஒரு சிறு இலைப் பொட்டலம். அதில் பசுஞ்சாணி. சாப்பிட்ட இடத்தைச் சாணி போட்டுத் துடைக்காமல் எழுந்து போவது எங்கள் வீட்டில் நடக்காத காரியம். தீவானாலும் சரி, திருவையாறானாலும் சரி.

ஆற்று முகத்தில் தோணியோடு காத்திருந்தவன் நொச்சிக்குப்பத்துச் சூசை. போக வர இரண்டு ரூபாய் பேச்சு. தோணியின் பின்பக்கத்தில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். தன் அக்கா ஆரோக்கியம் என்றும், அவளுக்கும் திட்டில் ஒரு வேலை இருக்கிறது என்றும் சூசை சொன்னான். கூடை நிறையச் சாமந்திப்பூ. எங்களிடம் விற்கத்தான் வருகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அம்புஜம் அக்கா சாப்பாட்டுத் தூக்கைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டு, அந்தப் பெண்ணை இன்னும் ஒரு முழம் பின்னால் தள்ளி உட்காரச் சொன்னாள். தோணியில் அதற்குமேல் பின்னால் இடமில்லை. அவள் விளிம்பில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

ஒன்பதரை மணிக்குக் கரை தட்டினோம். பறவை விஷயத்தில் என் கணவர் சொன்னதில் மிகையே இல்லை. சேற்றில் உள்ளான் கூட்டம் ஊசி போட்டுத் தைப்பது போலக் குத்திக் குத்தி நடந்தது. கூழைக்கடாக்கள் நீரில் வரிசை பிடித்து மீனை வளைத்தன. ஆழமில்லாத தண்ணீரில் நூறு பூநாரைகளாவது இருக்கும், எல்லாம் ஒரே சமயத்தில் தலையைக் கவிழ்த்து மேய்ந்தன. கோரைக்குள்ளிருந்து ஒரு நரி பட்டப்பகலில் வந்து எங்களைப் பார்த்துவிட்டு, லட்சியம் செய்யாமல் போயிற்று. என் கணவர் குழந்தையாகிவிட்டார். பைனாகுலரை அம்புஜம் அக்காகூட வாங்கிப் பார்த்து, “நன்னாத்தாண்டா இருக்கு” என்றாள். அவள் வாயிலிருந்து அது பெரிய சர்ட்டிபிகேட்.

கிழக்கு முனையில் துரைமார்கள் தங்கிய பங்களா கூரை இழந்து நின்றது. உள்ளே உடைந்த பாட்டில்களும் வௌவால் நாற்றமும்தான். அங்கே உட்கார முடியாது என்று மேற்குப் பக்கம் நடந்தோம். ஒரு புன்னை மரத்தடியில் ஏழெட்டு மேடைகள். முழங்கால் உயரம், ஓர் ஆள் நீளம், புதுச் சுண்ணாம்பு அடித்துப் பளபளவென்றிருந்தன. விருந்தாளிகள் உட்காரக் கட்டியிருப்பார்கள் என்றார் என் கணவர். நான் ஒருபடி மேலே போய், வெள்ளைக்காரன் போனாலும் அவன் வைத்த ஒழுங்கு போகவில்லை பார்த்தீர்களா, யாரோ இன்னும் சுண்ணாம்பு அடிக்கிறார்கள் என்றேன். இந்த வாக்கியத்தை எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

பன்னிரண்டு மணிக்கு நடு மேடையில் மூன்று இலை போட்டு, ஓரங்களில் நாங்கள் உட்கார்ந்தோம். தூக்கைத் திறக்கும்போது ஆரோக்கியம் கூடையோடு வந்தாள். “ஐயிரூட்டம்மா, ஒரு வார்த்த” என்று ஆரம்பித்தாள். அக்கா பதறிப்போய், சாதம் திறந்திருக்கிறது, கிட்டே வராதே, தள்ளி நில் என்றாள். அவள் நின்றாள். நாங்கள் புளியோதரையை முடித்துத் தயிர்சாதத்துக்கு வந்தபோது மறுபடி நாலடி எடுத்து வைத்தாள். சாப்பாட்டுக்குத்தான் வருகிறாள் என்று எனக்குத் தோன்றியது. மிச்சம் இருந்தால் கூப்பிடுகிறேன், போய் உட்கார் என்று சொன்னவள் நான். பூவை என்ன விலைக்குத் தருவாய் என்று என் கணவர் கேட்டார். அவள் திரும்பிப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி மணலில் உட்கார்ந்துவிட்டாள். கோபக்காரி என்று நினைத்தேன்.

சாப்பிட்டானதும் இலைகளை எடுத்தேன். எச்சில் இடத்தைச் சுத்தம் செய்வது வீட்டு மருமகளின் வேலை. செம்பில் ஆற்றுத் தண்ணீர் கொண்டுவந்து, அக்கா கொடுத்த சாணியைக் கரைத்து, அந்த வெள்ளை மேடைமேல் கையால் மெழுகினேன். தலைமாட்டுப் பக்கம் வந்தபோது விரலுக்கு ஒரு பள்ளம் தட்டுப்பட்டது. ஈரச் சுண்ணாம்பில் யாரோ விரலால் இழுத்த கோடு. அதைக் குறுக்கே வெட்டி இன்னொரு கோடு. என் இலை அதை மறைத்துக்கொண்டிருந்தது. இப்போது அந்தச் சிலுவை முழுக்கச் சாணி.

நான் நிமிர்ந்தபோது ஆரோக்கியம் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளே சொன்னாள்.

“எங்கம்மா கீது அதுல. இன்னிக்கு கல்லறத் திருநாளு. நேத்துதான் சுண்ணாம்பு அடிச்சிட்டுப் போனேன்.”

என் கணவர் பைனாகுலரைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு எழுந்தார். அம்புஜம் அக்கா, “பொணத்து மேலயா சாப்பிட்டோம்” என்று சொல்லிப் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு தோணிப் பக்கம் ஓடினாள். அந்தப் பெண்ணின் காதில் அது விழாமல் இருந்திருக்க முடியாது.

கழுவிவிடுகிறேன் என்று செம்பை எடுத்தேன். ஆரோக்கியம் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். “வேணாம்மா. நீ தேச்சா சுண்ணாம்பு பேந்துடும்” என்றாள். கோபமே இல்லாத குரல். கோபப்பட்டிருந்தால் நான் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். நாலைந்து செம்பு தண்ணீர் ஊற்றித் தலைப்பால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். பச்சைக் கறை போகவில்லை. அதன்மேல் சாமந்தியைப் பரப்பினாள்.

அவள் பூ வைத்துக்கொண்டே சொன்னதும், அக்கா ஓடி வந்ததைக் கண்டு தோணியிலிருந்து வந்த சூசை இடையில் சேர்த்துச் சொன்னதுமாக எனக்குத் தெரிந்த கதை இதுதான். அவர்கள் சிறு வயதில் குப்பத்தில் வாந்திபேதி கண்டது. நோய் பட்டணத்துக்குள் வரக்கூடாது என்று அந்தக் காலத்து அதிகாரிகள் நோய் கண்டவர்களையும் காணாதவர்களையும் ஒன்றாகத் தோணியில் ஏற்றி, இந்தத் திட்டில் ஓலைக் கொட்டகை போட்டு அடைத்தார்கள். செத்தவர்களைக் கரைக்குக் கொண்டுபோய் மாதா கோயில் கல்லறையில் புதைக்கவும் விடவில்லை. அந்த நாட்களிலும் கிழக்கு முனையில் துரைமார்களின் விடுமுறை தடைப்படவில்லையாம்.

“இந்தாண்ட எங்க ஜனம் சாவ, அந்தாண்ட வாத்து சுட்டுக்கினு இருந்தாங்களாம்” என்றாள் ஆரோக்கியம். “எனக்கு மூணு வயசு. அம்மா மொகம் ஞாபகம் இல்ல. அதான் வருசத்துக்கு ஒரு தபா வந்து குந்திக்கினு போறது.”

எங்கள் வீட்டில் மாமியார் திதியன்று அடுப்படிப் பக்கம் அன்னியர் நிழல்கூட விழக்கூடாது. அன்றைக்கு முன்பின் தெரியாத மூன்று பேர் வந்து, பிண்டம் வைக்கிற இடத்தில் சம்மணமிட்டு முறுக்குத் தின்றுவிட்டு, கிட்டே வந்த எங்களையும் விரட்டியிருந்தால்? துரைமார்கள் தூரத்தில்தான் சுட்டார்கள். நாங்கள் மேலேயே உட்கார்ந்தோம். அவள் சொல்ல வந்த ஒரு வார்த்தையைக் கேட்டிருந்தால் போதும். அதைக் கேட்கவிடாமல் செய்தது எங்கள் தயிர்சாதத்தின் சுத்தம்.

மழை மறுபடி கட்டிக்கொண்டு வந்தது. ஆரோக்கியம் கூடையிலிருந்து எடுத்து வைத்த மெழுகுவர்த்தி ஈரக் கல்லில் நிற்காமல் சாய்ந்து அணைந்தது. என் கணவர் குனிந்து காற்றுக்கு மறைவாக இரண்டு கையையும் குவித்துப் பிடித்தார், அப்புறம்தான் எரிந்தது. அவர் செய்ததில் அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல். ஆரோக்கியம் முழங்கால் போட்டாள். நாங்கள் தோணிக்கு நடந்தோம். எங்களை விட்டுவிட்டு வந்து அவளைக் கூட்டிப்போவதாகச் சூசை சொன்னான்.

மூன்றரை மணிக்கு வீடு. அம்புஜம் அக்கா வாசல் வழியாக நுழையவிடவில்லை. இடுகாட்டில் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறோம், தலைக்கு ஊற்றிக்கொள்ளாமல் யாரும் உள்ளே போகக்கூடாது என்று சந்து வழியாகக் கொல்லைக் கிணற்றடிக்கு அழைத்துப் போனாள். எனக்குத்தான் முதல் குளியல், கையால் தொட்டவள் நான் என்பதால். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு தாயைத் தொட்டதற்கு எதற்குக் குளியல் என்று கேட்டிருக்கலாம். தோணியில் வரும்போது அப்படிக் கேட்கப் போவதாகவே நினைத்திருந்தேன். அக்கா வாளியைத் தூக்கினாள். நான் தலையைக் குனிந்து கொடுத்தேன். போதாது, இன்னொரு வாளி என்றாள். அதற்கும் குனிந்தேன்.