ஐரின் ஸ்டெல்லாவுக்கு இன்னும் இரண்டு பாட்டு

மெர்சிக்குப் பத்து வயதிருக்கும்போது மண்ணூர் மாதா கோயில் திருவிழாவுக்குப் பெரம்பூரிலிருந்து ஒரு பாட்டுக் குழு வந்தது. பெல்பாட்டமும் தோளோடு வெட்டிய முடியுமாக மேடையேறிய ஐரின் ஸ்டெல்லா, கிடாரை மாட்டிக்கொண்டு பாப் பாட்டுப் பாடினாள். ஒரு பெண்பிள்ளை அப்படிக் காலை அகட்டி நின்று, தலையை உதறிக்கொண்டு பாடலாம் என்பதே மெர்சிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மறுநாள் கத்தரிக்கோலை எடுத்துப் பின்னலை நறுக்கிவிட்டாள். அம்மா சந்திரம்மாள் கரண்டிக் காம்பால் விளாசித் தள்ளினாள். மெர்சி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

வளர்ந்து, கல்யாணமாகி, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அந்தப் பைத்தியம் போகவில்லை. 91ஆம் வருஷம் ஆயுத பூஜைக்குக் கச்சேரி வைக்கலாம் என்று சூப்பர்வைசர் குமாரவேல் சொன்னதும், "ஐரின் ஸ்டெல்லா குரூப்ப கூப்டலாம் சார்" என்று முந்திக்கொண்டவள் அவள்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரம்பூர் வரைக்கும் போய் விசாரித்து விலாசமும் வாங்கி வந்தாள்.

பூஜை முடிந்து மத்தியானம் பந்தலில் கச்சேரி தொடங்கியது. ஐரின் ஸ்டெல்லாவுக்கு இப்போது ஐம்பதை நெருங்கும் வயது. உடம்பு பூசியிருந்தது, குரல் கரகரத்தது. நின்ற நிற்பு மட்டும் அதேதான். முதல் பாட்டுக்குக் கைதட்டியே மெர்சியின் உள்ளங்கை சிவந்துபோயிற்று. இரண்டாவது பாட்டில் பின்வரிசையிலிருந்து ஊளை கிளம்பியது.

"யக்கா, போதும் எறங்கு! டான்ஸ் ஆடற பொண்ண ஏத்து!" என்று கத்தினான் தகடு வெட்டும் பிரஸ் செக்‌ஷனில் இருக்கும் சின்னப்பையன் என்பவன். பூஜைப் பொரியை அள்ளி மேடைமேல் வீசினார்கள். ஆரஞ்சுத் தோல் ஒன்று பறந்து வந்து கிடாரில் பட்டு விழுந்தது. ஐரின் ஸ்டெல்லா பாட்டை நிறுத்தவில்லை.

மெர்சி திரும்பிக் குமாரவேலைப் பார்த்தாள். "சார், கேக்க மாட்டீங்களா?"

"வுடும்மா. வருஷத்துல ஒரு நாளு, பசங்க ஜாலியா கீறானுங்க" என்று அவர் சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் அவளைக் கிளப்பிவிட்டது. விறுவிறுவென்று பந்தலுக்குப் பின்னால் போய், ஜெனரேட்டர் பக்கத்திலிருந்த மெயின் சுவிட்சை இழுத்து இறக்கினாள். மைக் செத்தது. மின்விசிறிகள் நின்றன.

"எவன்டா அது?" என்று ஆண்கள் ஓடிவந்தார்கள்.

"நான்தான்டா! அவங்கள பாட வுடாத எடத்துல எவளும் ஆட வேணாம். வூட்டுக்குப் போங்க!" மெர்சி மறித்துக்கொண்டு நின்றாள். சின்னப்பையன் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினான். அவள் ஓங்கிய கையைப் பார்த்துப் பின்வாங்கினான்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஐரின் ஸ்டெல்லாவே வந்து நின்றாள். "யாரு இத ஆஃப் பண்ணது?"

"நான்தாங்க. சின்ன வயசுலேர்ந்து எனக்கு உங்கள..."

"உன்ன யாரும்மா கேட்டா?" ஐரின் ஸ்டெல்லாவின் முகம் கோபத்தில் ஜிவ்வென்று சிவந்திருந்தது. "ஊளை எனக்குப் புதுசா? நான் மொத மொத பேண்ட் போட்டுக்கினு ஏறினப்ப கல்லே வுட்டானுங்க. நின்னு பாடிட்டுதான் எறங்கினேன். எனக்கு இன்னும் ரெண்டு பாட்டு இருந்திச்சு. அவனுங்களால நிறுத்த முடியல. நீ நிறுத்திட்ட."

மெர்சிக்குக் கன்னத்தில் அறைந்தாற்போல் இருந்தது. இவளுக்காகத்தானே இத்தனையும் என்று ஒரு கணம் ஐரின் ஸ்டெல்லா மேலேயே ஆத்திரம் பொங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு சுவிட்சை மேலே தள்ளினாள். "போங்க. போயி பாடுங்க" என்றாள்.

ஐரின் ஸ்டெல்லா மேடையேறி, அறுந்த இடத்திலிருந்து பாட்டைப் பிடித்தாள். ஊளை நிற்கவில்லை. மெர்சியோடு காயில் சுற்றும் உமாதேவியும் கனகமும் எழுந்துபோய், மேடைக்கு முன்னால், பின்வரிசையைப் பார்த்து முறைத்தபடி நின்றார்கள். மெர்சி சுவிட்சை விட்டு நகரவில்லை. அங்கிருந்து மேடை தெரியாது. குரல் மட்டும் கேட்டது. அந்தப் பாட்டும் மிச்சமிருந்த இரண்டு பாட்டும் முழுசாக முடிந்தன. கிடாரைப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஐரின் ஸ்டெல்லா வேனில் ஏறிப் போனாள்; மெர்சி பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

லீவு முடிந்து வந்ததும் குமாரவேல் அவளைக் கூப்பிட்டனுப்பினார். "பசங்க கொதிச்சிப் போயிகீறானுங்க. எல்லாரையும் வச்சி ஒரு சாரி சொல்லிடு."

"அவனுங்க பெரம்பூர் போயி அந்தம்மா கிட்ட சொல்லட்டும் சார். அப்புறம் நான் சொல்றேன்."

அன்றைக்கே அவளை, சுற்றிய காயிலை வார்னிஷில் முக்கியெடுக்கும் அறைக்கு மாற்றினார்கள். கண்ணெரிச்சலும் தலைவலியுமாகப் பொங்கல் வரைக்கும் அங்கேயே கிடந்தாள். காயில் சுற்ற ஆள் போதவில்லை என்று அவர்களே திரும்பக் கூப்பிட்டபோது, குமாரவேல் பழைய கதையெல்லாம் மறந்துவிடச் சொன்னார்.

"நான் எதுக்கு சார் மறக்கணும்?" என்று கேட்டுவிட்டு மெர்சி தன் மிஷினில் போய் உட்கார்ந்தாள்.