ஜூலியஸின் வள்ளத்தில் ஏறியவை

அமிர்தநாதர் அண்ணைக்கு மன்னிக்கத் தெரியாது. அதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

புலம்பெயர்ந்து வந்த நகரத்தில், பார்க்டேல் பகுதியில் பழைய அடுக்குமாடி ஒன்றின் ஒன்பதாம் தளத்தில் தனியாக இருந்தார். பகலில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். மிச்ச நேரமெல்லாம் எங்கள் தீவின் வரலாற்றை எழுதினார். யாழ்ப்பாணத்துக்கு மேற்கே கடலுக்குள் கிடக்கும் துண்டு நிலம் அது. அதற்கெல்லாம் ஒரு வரலாறா என்று கேட்டவர்களை அவர் பிறகு வீட்டுக்குள் விட்டதில்லை. நல்ல தண்ணீர்க் கிணறு எத்தனை, கடலட்டை பிடிக்க மூழ்கியவர்கள் யார் யார், அந்தோனியார் கோயில் மணி யாருடைய தோணியில் வந்து இறங்கியது என்று உலகம் முழுக்கத் தொலைபேசியில் விசாரிப்பார். ஒருவர் சொன்னதை வேறு இரண்டு பேரும் சொன்னால்தான் எழுதுவார். அதைத் தட்டச்சு செய்தவள் நான், கிறிஸ்ரினா. அதே தீவுக்காரி.

இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம் சண்டை முடிந்தது. நாங்கள் அழுது ஓய்வதற்குள் ஊர்ச் சங்கத்துக்குப் புத்தகத்தில் திடீர் அக்கறை வந்துவிட்டது. அச்சிடும் பொறுப்பை ஏற்க முன்வந்தவர் ஜூலியஸ், புறநகரான அஜக்ஸில் வீடு விற்கும் முகவர்.

அந்தப் பெயரைக் கேட்டதும் அண்ணையின் முகம் இறுகியது. காரணம் எனக்குத் தெரியும். தொண்ணூறில், நேவி வருகிறது என்று தீவே கரைக்கு ஓடிய காலையில், எங்கள் கரையில் எஞ்சின் பூட்டிய வள்ளம் ஜூலியஸிடம் மட்டும்தான் இருந்தது. அண்ணை மண்ணெண்ணெய் வாங்க யாழ்ப்பாணம் போயிருந்தார். அவருடைய மனைவி அன்ரனெற் கரையில் நின்றாள். "இடமில்லை, திரும்பி வாறன்" என்று சொல்லிவிட்டுப் போன ஜூலியஸ் வரவேயில்லை. பின்னேரம் கரையில் ஷெல் விழுந்தது. அன்ரனெற்றைப் புதைக்கக்கூட அண்ணையால் போக முடியவில்லை.

ஜூலியஸ் புத்தகத்தில் போடத் தன் படத்தோடு பார்க்டேலுக்கு வந்தார்.

"அண்ணை, அண்டைக்கு நான் போட்டில ஆக்களை ஏத்தினதை ஒருக்கா எழுதிவிடுங்கோ. சண்டையும் முடிஞ்சுது. இனிப் பழசை மறப்பம்."

"எழுதுறன் ஜூலியஸ். ஒண்டும் விடாமல் எழுதுறன்."

அன்று கரையில் நின்று உயிர் தப்பிய மூன்று பேரோடு அண்ணை தனித்தனியாகப் பேசினார். அச்சுக்குப் போகும் முன் பிரதியை ஜூலியஸுக்கு நான்தான் அனுப்பினேன். அவர் தன் படத்தையும் பின்னட்டையில் தன் விளம்பரத்தையும் பார்த்துவிட்டு "வடிவாய் இருக்கு" என்றார். எங்கள் ஆட்கள் புத்தகம் பார்க்கிற இலட்சணம் இதுதான். நானும் வாய் திறக்கவில்லை. அன்ரனெற் என்னோடு படித்தவள்.

ஒக்ரோபரில் கோயில் மண்டபத்தில் வெளியீட்டு விழா நடந்தது. மாலை, பொன்னாடை எல்லாம் போட்டு முதற்பிரதியை ஜூலியஸுக்குக் கொடுத்தார்கள். முதற்பிரதி வாங்கியவர் இரண்டு வார்த்தை பேசுவது வழக்கம். அண்ணை ஒலிவாங்கியை அவரிடம் நீட்டினார்.

"நாப்பத்திரண்டாம் பக்கத்தை வாசியுங்கோ. உங்களைப் பற்றித்தான்."

ஜூலியஸ் பூசையில் வாசகம் வாசிப்பவர் மாதிரித் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார்.

"அன்று காலை ஜூலியஸின் வள்ளத்தில் ஏறியவை: ஜூலியஸ், மனைவி, இரண்டு பிள்ளைகள். தையல் மெசின் ஒன்று. தண்ணீர்ப் பம்ப் ஒன்று. மோட்டார் சைக்கிள் ஒன்று. அலுமாரி ஒன்று. கரையில் விடப்பட்டவர்கள்..."

குரல் நின்றுவிட்டது. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது, ஏன் மறைக்க வேண்டும்?

"மிச்சத்தையும் வாசியுங்கோ," என்றார் அண்ணை. "பதினொரு பேர்தான்."

"உது பொய்! ஆர் கண்டது?" என்று ஜூலியஸ் கத்தினார்.

முன்வரிசையில் அவருடைய மனைவி செரீனா எழுந்தாள். ஒலிவாங்கி இல்லாமலே அவள் குரல் கடைசிவரை கேட்டது.

"ரேடியோவை விட்டிட்டியள் அண்ணை. அது என்ர மடியில இருந்தது. அன்ரனெற் ஏறுறதுக்குக் கையை நீட்டினவ. நான் ரேடியோவைப் பிடிச்சுக்கொண்டு இருந்திட்டன்."

அண்ணை ஜூலியஸின் கையிலிருந்த முதற்பிரதியை வாங்கி, சட்டைப்பையில் இருந்த பேனையால் நாற்பத்திரண்டாம் பக்கத்தில் 'ரேடியோ ஒன்று' என்று எழுதி, திரும்ப அவர் கையில் கொடுத்தார்.

"இப்ப சரி. முதல்ல இருந்து வாசியுங்கோ."