மாலை போட்ட போட்டோவும் மூன்றாம் பாகமும்

இன்றைக்கு தேவராஜ மார்க்கெட்டில் பஸ் ஏறியதிலிருந்து எனக்கும் ஆபீஸ் தோழி ரேகாவுக்கும் ஒரே சண்டை.

நாங்கள் பார்த்த படத்தின் மூன்றாம் பாகத்தில் ஹீரோவின் செத்துப்போன அம்மா உயிரோடு வந்து, தான்தான் வில்லனுக்கு அக்கா என்கிறாரே, அது முதலிலேயே யோசித்து வைத்ததா?

"முதல் நாளே பிளான் பண்ணினது" என்றேன் நான்.

"சும்னே இருடீ, கடைசியில ஒட்டவெச்சது" என்று கன்னடம் கலந்து என்னை அடக்கினாள் ரேகா.

முன் சீட்டில் காய்கறிப் பையோடு இருந்த அக்கா திரும்பினார்.

"முதல் பாகத்துல ஹீரோ வீட்டுச் சுவத்துல மாலை போட்ட அம்மா போட்டோ இருக்கில்ல? அது நான்தான்."

நான் சிரித்துவிட்டேன். ரேகா போனில் அந்தக் காட்சியைத் தேடி நிறுத்தினாள். அதே மூக்குத்தி, அதே முகம்!

"ஷூட்டிங் வேடிக்கை பாக்கப் போன என்னைக் கூப்பிட்டு போட்டோ எடுத்தாங்க. உயிரோட இருக்கறவளுக்கு மாலையான்னு எங்க வீட்டுக்காரர் ஒரு வாரம் பேசல. மூணாம் பாகத்துல அந்த அம்மா எந்திரிச்சு வந்தா, வேற யாரோ நடிக்கறாங்க! முதல்லயே தெரிஞ்சிருந்தா என் போன் நம்பரையாவது வாங்கியிருக்க மாட்டாங்களா?"

அக்கா அக்ரஹாரம் ஸ்டாப்பில் விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டார்.

நான் கட்சி மாறிவிட்டேன். இன்னும் டைரக்டர் பக்கம் நிற்பவர்கள், அந்த அக்காவுக்கு என்ன சமாதானம் சொல்வீர்கள்?