நாய்க்குப் பல் பிடுங்கிய வாரம்

எங்கள் பெட்டை நாய்க்கு வலது கண்ணுக்குக் கீழே வீங்கியபோது, தேனீ கொட்டியிருக்கும் என்றார் மாமனார். நாலு நாளில் வீக்கம் உடைந்து சீழ் வந்தது. ராசிபுரத்திலிருந்து ஆட்டோ பிடித்து நாமக்கல் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கடைவாய்ப் பல்லின் வேர் அழுகிவிட்டது, மயக்க ஊசி போட்டுப் பிடுங்கித்தான் ஆக வேண்டும் என்றார் டாக்டரம்மா.

"நாய்க்குப் பல்லு வைத்தியமா?" மாமனார் சிரித்தார். "சோளக்காட்டுல அவுத்து உடு. தானாச் சரியாயிரும்."

வீட்டுக்காரர் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போயிருந்தார். போன் போட்டேன்.

"அப்பாதான் வேண்டாங்கறாரே, உட்டுரு புள்ள."

"உங்களைக் கேக்கறதுக்குக் கூப்பிடலைங்க. பண்ணப்போறேன்னு சொல்றதுக்குத்தான் கூப்பிட்டேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

பக்கத்துப் பல்லும் கெட்டிருந்ததால் ரெண்டு பல் எடுத்தார்கள். நாக்கைத் தொங்கவிட்டபடி என் மடியில் கிடந்து அது வீடு வந்தது. தையல் தானாகக் கரையும், ரெண்டு வாரத்துக்கு மெத்தென்ற சாப்பாடுதான் என்று சொல்லியிருந்தார் டாக்டரம்மா. சோற்றைக் குழைய வேகவைத்து, முட்டையை மசித்துப்போட்டு, ஆறவைத்து வைத்தேன். முதல் நாள் முகர்ந்தே பார்க்கவில்லை. எச்சிலோடு ரத்தம் கலந்து என் சேலையெல்லாம் கறை. வாயைப் பிறாண்டப் பார்க்கும்போதெல்லாம் முன்னங்காலைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மாத்திரையை மஞ்சள்கருவுக்குள் வைத்தால் கருவைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பியது. பொடித்துத் தயிரில் கலக்கியதும் நக்கிக் குடித்தது.

"பெத்த புள்ளைக்குக்கூட யாரும் இப்படிப் பாக்க மாட்டாங்க" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"புள்ளை வலிக்குதுன்னு வாய் தொறந்து சொல்லுமுங்க. இது யாருகிட்டச் சொல்லும்?"

ஆறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஆட்டுக்கறி. சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமனார் ஒரு காலெலும்பை நாய்க்கு வீசினார். ஓடிப்போய் அதன் வாய்க்குள் கையைவிட்டுப் பிடுங்கினேன். எலும்பில் ரத்தம்.

"நாய்ன்னா எலும்பு கடிக்கோணும்" என்றார்.

"போன வருசம் பல்லுப் புடுங்கிட்டு வந்தப்ப நீங்க முறுக்கா கடிச்சீங்க, மாமா? பத்து நாளு நான்தானுங்க கஞ்சி காச்சி ஊத்துனேன்."

பதினெட்டு வருசத்தில் அந்த வீட்டில் என் குரல் உயர்ந்தது அதுதான் முதல் தடவை. அவர் பாதிச் சாப்பாட்டில் கை கழுவிக்கொண்டு காட்டு வேலைக்குப் போய்விட்டார். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவருக்கு நேரத்துக்குச் சோறு வைத்தேன், நாய்க்கும் வைத்தேன்.

டாக்டரம்மாவிடம் மறுபடி காட்டப் போனபோது புண் நன்றாக மூடியிருந்தது. இப்போது இடப்பக்கமாக மென்று எல்லாம் தின்கிறது. விருந்தாளி யார் வந்தாலும் மாமனார் என்னைக் காட்டி, "எம் மருமவ நாய்க்குப் பல்லுப் புடுங்குனவ" என்று கேலியாகச் சொல்கிறார்.

நேற்று வந்தவர்களிடமும் சொன்னார். "ஆமாங்க" என்றேன். "நாய்க்கு இன்னொரு பல்லும் ஆடுது. அடுத்த வாரம் அதையும் எடுக்கக் கூட்டிட்டுப் போறேன்."