இரண்டு தாள்களுக்கும் ஒரே எண்

சாய்ந்தமருதில் ஒரு தாயிடம், "உங்கட புள்ள எத்தின மணிக்கு எழும்புற?" என்று கேட்டுப் பாருங்கள். கடிகாரத்தைப் பார்க்கவே மாட்டார். விடியலுக்கு முந்திய தொழுகை அழைப்பைச் சொல்லி, "சுபஹு வாங்குக்கு" என்பார். வேறு பதில் சொன்ன தாயை நான் கண்டதில்லை. தொழுதுவிட்டு அந்தப் பிள்ளை மறுபடி படுத்து, பாடசாலை வேன் வாசலில் வந்து ஹோர்ன் அடிக்கும் வரை கிடப்பதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

பிள்ளைகளின் நித்திரையை அளக்கும் ஓர் ஆய்வில் அப்போது உதவியாளராக இருந்தேன். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைக்கு ஒரு வினாத்தாள், பெற்றோருக்கு ஒன்று. எத்தனை மணிக்குப் படுக்கிறது, எவ்வளவு நேரத்தில் நித்திரையாகிறது, இடையில் எது எழுப்புகிறது என்று கேள்விகள். வேறெங்கோ தயாரித்த அந்தத் தாளில் சுபஹுக்குப் பிந்திய நித்திரைக்குக் கட்டமே இல்லை. நிரப்பிய தாள்களின் முதல் கட்டு வந்தபோது எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நித்திரை என்றால் என்னவென்றே அறியாதவர்களாகத் தெரிந்தார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. மறுபடி வீடு வீடாக ஏறி இறங்கினேன்.

"பொய் சொல்லல்ல தங்கச்சி, எழும்பினது எழும்பினதுதானே?" என்றார் ஒரு தாய். அவர் சொன்னதிலும் பிழை இல்லை.

பிறகு என் மகளின் வகுப்பும் ஆய்வில் சேர்ந்தது. தாள்களைக் கொடுக்கும்போது நானே வகுப்பின் முன்னால் நின்று சொன்னேன்: "பேர் தேவையில்ல, எண் மட்டும் போதும். உம்மா வாப்பா ஒருத்தருக்கும் காட்டமாட்டம்." கடைசி வரிசையிலிருந்து மகள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

பெற்றோர் தாளை வீட்டில் நான் நிரப்பினேன். பத்து மணிக்குப் படுக்கிறாள், உடனே நித்திரையாகிறாள், இடையில் எழும்புவதில்லை. என் கை தயங்கவே இல்லை. எனக்குத் தெரியாதா? சாதாரண தரப் பரீட்சை நெருங்கியதிலிருந்து ஒவ்வோர் இரவும் மூன்று, நான்கு தரம் அவளுடைய அறைக் கதவைத் திறந்து பார்க்கிறவள் நான்.

பிள்ளையின் தாளையும் பெற்றோரின் தாளையும் எண் பார்த்துச் சேர்த்துக் கணினியில் பதிவதுதான் என் வேலை. எங்கள் எண் எனக்கு மனப்பாடம். அது வந்தால் பக்கத்து மேசைக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று முடிவெடுத்திருந்தேன். மூன்று நாள் மகளின் வகுப்புத் தாள்களின் கட்டையே சுற்றிச் சுற்றி வந்தேன். தேநீர் குடித்தேன், மின்விசிறியைக் கூட்டினேன், குறைத்தேன், ஒரு வேலையும் ஓடவில்லை. நான்காம் நாள் எடுத்து வாசித்துவிட்டேன்.

இடையில் உங்களை எழுப்புவது எது என்ற கேள்விக்கு நேரே அவள் எழுதியிருந்தாள்: "உம்மா. நான் நித்திரையா என்று பார்க்க வருவார். கண்ணை மூடிக்கொண்டு கிடப்பேன். அவர் போன பிறகு, அடுத்து எப்போது வருவாரோ என்று நித்திரை வராது."

எனக்கு வெட்கமாக இருந்தது. அவளிடம் மன்னிப்புக் கேட்கவும் வழியில்லை. கேட்டால், அத்தனை பிள்ளைகளின் முன் கொடுத்த வாக்கை நானே உடைத்தது தெரிந்துவிடும். இனி அந்தப் பக்கமே போகாமல் இருந்தால் போதும், பிள்ளை நிம்மதியாகப் படுக்கட்டும், அவளுக்கு ஒன்றும் தெரியவராது என்று கணக்குப் போட்டேன். அன்றிரவு கட்டிலை விட்டு இறங்கவில்லை. புரண்டு புரண்டே விடிந்தது.

சுபஹு தொழுது முசல்லா விரிப்பை மடித்துக்கொண்டிருந்தபோது மகள் வந்து நின்றாள். அவளுடைய கண்கள் சிவந்திருந்தன.

"ராவு நீங்க வரவே இல்ல," என்றாள். "இப்ப வருவீங்க, இப்ப வருவீங்கெண்டு பாத்துக்கிட்டே கிடந்தன். என்ட தாள வாசிச்சிட்டீங்க, என்ன?"