சித்தப்பாவின் நோர்வே கசற்

எங்கள் வீட்டில் கசற் என்றால் ஒன்றில் பக்திப் பாட்டு, இல்லாவிட்டால் அதை அழித்து மேலே பதிந்த குரல் கடிதம். தொண்ணூறுகளில் ஊருக்கு நினைத்தபடி தொலைபேசி எடுக்க முடியாது. நாங்கள் புலம்பெயர்ந்து வந்திருந்த ஸ்காபரோவில், மாடிக்குடியிருப்பின் சமையலறையில் இருந்துகொண்டு அம்மா கசற்றில்தான் ஊராரோடு பேசுவார், அழுவார், கோபித்துக்கொள்வார். ஆகவே, நோர்வேயில் மூன்று வருடம் இருந்துவிட்டு எங்களிடம் வந்து சேர்ந்த சித்தப்பா, கதவைச் சாத்திக்கொண்டு ஒரே கசற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டபோது அம்மாவுக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது.

கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டு வந்து அப்பாவிடம் சொன்னார்: "பொம்பிளைக் குரல். கதைக்கிறாள், பிறகு அழுகிறாள். உங்கட தம்பி அங்க ஆரையோ விட்டிட்டு வந்திருக்கிறார்."

அப்பா நம்பவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து சித்தப்பாவை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார். பக்கத்து அஜின்கோர்ட்டில் அவருக்குப் பெண் பேசியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் நாள் குறிக்க வருகிறார்கள். துப்பறியும் வேலை பத்து வயதுக்காரியான என் தலையில் விழுந்தது. சித்தப்பாவை எனக்கு நிறையப் பிடிக்கும். துப்பறிவது அதைவிடப் பிடித்திருந்தது.

சனிக்கிழமை அவர் வேலைக்குப் போனதும் கசற்றை எடுத்தேன். அட்டையில் பனி மூடிய காடு. ஒரு பெண் தூரத்து மாட்டைக் கூப்பிடுவதுபோல இழுத்து இழுத்துப் பாடினாள். சாக்ஸபோன் தன் பாட்டில் எங்கோ அலைந்தது. இடையில் அவளே ஏதோ கவிதை வாசித்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. மற்றப் பக்கத்தைப் போட்டேன். பாட்டு நடுவில் அறுந்து, வேறொரு பெண்ணின் குரல், வெள்ளைக்காரி ஒருத்தி பழகிய கொன்னைத் தமிழில், "சாப்பிட்டீங்களா? எப்ப வருவீங்கள்?" என்றது.

சிரிப்பு நின்றுவிட்டது. இது தெரிந்தால் அப்பா சித்தப்பாவை வீட்டைவிட்டே அனுப்பிவிடுவார் என்று பயந்தேன். அம்மாவிடம், "வெறும் பாட்டுத்தான்" என்றேன்.

அம்மா என்னையும் நம்பவில்லை. மாலையில் சித்தப்பாவிடம் நேராகவே கேட்டுவிட்டார்: "தம்பி, உந்தக் கசற்றில ஆர் அழுறது?"

சித்தப்பா கோபிக்கவில்லை. கசற்றைக் கொண்டுவந்து எல்லோருக்கும் முன்னால் போட்டார். "அழேல்லை, அண்ணி. அந்த நாட்டுக் கிராமியப் பாட்டை ஜாஸோட கலந்து பாடுறாள். காட்டுக்குள்ள நிண்டு ஒருத்தி கூப்பிடுறாளாம். மரங்கள்தான் மறுமொழி சொல்லுதாம்."

"உதுக்கோ கதவைப் பூட்டினீர்!" என்று அம்மா வாய்விட்டுச் சிரித்தார். அப்பா நிம்மதியாகப் பேப்பரை விரித்தார். சித்தப்பா மட்டும் பிளேயருக்குப் பக்கத்திலேயே நின்றார்.

"மற்றப் பக்கமும் இருக்கு. போடட்டோ?"

நான் பாய்ந்து விழுந்து சொன்னேன்: "வேண்டாம், நான் கேட்டனான். உதிலயும் இதே ஊளைதான்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கசற்றை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். மறுநாள் நாள் குறித்தார்கள். கல்யாணத்தில் நான்தான் தோழிப்பெண்.

சித்தப்பாவைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு வருடக்கணக்காகப் பெருமை. தன் வாயால் சொல்ல முடியாததை அந்தக் கசற் சொல்லட்டும் என்றுதான் அவர் அன்று "போடட்டோ?" என்று கேட்டிருக்கிறார். நானே ஒருவனைப் பற்றி வீட்டில் சொல்ல வாய்வராமல் நின்ற நாளில்தான் அது எனக்கு விளங்கியது. அப்போது சித்தப்பாவுக்கு இரண்டு பிள்ளைகள்.