வெங்காயக் கடைப் பியானோ

ஜெபசிங் அண்ணாச்சிக்குப் பைத்தியம்னு ஊரு சொல்லுது. கிடையாது. பைத்தியம் பிடிச்சது எங்களுக்கு.

பாவூர்சத்திரம் மார்க்கெட்டுல அவருக்கு வெங்காயக் கமிஷன் கடை. எதுத்தாப்புல என் தக்காளிக் கடை. மூட்டை வாயைத் தச்சிருக்க தினுசைப் பாத்தே இது எந்த விவசாயி சரக்குன்னு நாங்க சொல்லிருவோம். எங்க பொழப்பு அது. இந்த மனுசன் அதே புத்திய வச்சுக்கிட்டு வெள்ளைக்காரன் பியானோவக் கேக்க ஆரம்பிச்சாரு பாருங்க, அங்கதான் பிடிச்சது சனி.

காலையில கடை தொறந்ததுல இருந்து ஸ்பீக்கர்ல அதான் ஓடும்; எது எவன் போட்ட மெட்டுன்னு எங்களுக்குப் பாடம் வேற. "ஏலே, நாலு பேரு ஒரே நேரத்துல பேசுதான், ஒருத்தன் பேச்சும் முட்டல பாத்தியா? அது பாக். மூட்டையப் பொத்துன்னு போட்டுட்டு, உடனே தடவிக் குடுத்தாம்னா பீத்தோவன். இடது கை ஒழுங்கா வேலை பாக்க, வலது கை சொக்கிப்போய்த் திரியுதா? ஷோப்பின்." மூணே மாசம். வெங்காயம் தரம் பிரிக்குத முத்துசெல்வி, "அண்ணாச்சி, இது ஹைடன்லா? நடுவுல நிறுத்தி நம்மளக் கேலி பண்ணுதாரு"ங்கா!

பெறவு அண்ணாச்சி தானே மெட்டு எழுதத் தொடங்குனாரு. அவரு சம்சாரம் சுகிர்தம் மதினி வாசிக்கச் சொல்லிக் குடுத்த வீட்டுப் பியானோவக் கடைக்கே கொண்டாந்துட்டாரு. "என் சாயல்ல ஒண்ணே ஒண்ணு வரணும்லே. மூணு தடவை பாப்பேன். வரலன்னா இதைக் குத்தாலத்து ரிசார்ட்டுக்குக் குடுத்துருவேன்."

முதல்ல ஒண்ணு வாசிச்சாரு. "ஷூபர்ட்டு அண்ணாச்சி. வீட்டுக்குப் போறேன் போறேங்கான், போக மாட்டேங்கான்"னான் டெம்போ ஓட்டுத செந்தில்வேல். ரெண்டாவதுக்கு முத்துசெல்வி, "பிராம்ஸ். அளவுக்கு மேல அமுக்கிருக்கு"ன்னா. நான் சும்மா இருந்திருக்கலாம். "ஆமா, வாயைத் தைக்கவே முடியாது"ன்னுட்டேன். ரெண்டு நாள் என் மூஞ்சியில முழிக்கல.

மூணாவது நேத்து. பியானோவ ஏத்திட்டுப் போக டெம்போ வாசல்ல நிக்குது. அண்ணாச்சி வாசிக்காரு. நல்லாத்தான் போச்சு, ஒரு இடத்துல சட்டுன்னு நின்னுட்டு. திரும்ப முதல்ல இருந்து வந்தாரு. அதே இடத்துல நின்னுட்டு. மூணாவது தடவையும் அப்படியே. செந்தில்வேல் தலையச் சொறியுதான், எவன் சரக்குன்னு பிடிபடல. எனக்கும்தான்.

முத்துசெல்வி மெல்லச் சொன்னா: "இது நீங்கதான் அண்ணாச்சி. சுகிர்தம் மதினி தவறுன நாள்ல இருந்து, அவங்க பேச்சு வந்தா இப்படித்தான் நின்னுருவீய. அதுக்கு மேல உங்களுக்குப் போகத் தெரியாது."

அண்ணாச்சி பியானோ மேலயே தலையக் கவுத்து ஓன்னு அழுதாரு. "வந்துட்டுலே, என் சாயல் வந்துட்டு"ன்னு சொல்லிச் சொல்லி அழுதாரு. எனக்கும் தாங்கல. டெம்போவத் திருப்பி அனுப்பிட்டேன்.